ஒரு பஸ் நடத்துநரின் வயிறு: குறைமாவு உணவில் தொடர்ந்த செரிமானத் தொல்லை குறித்த நிகழ்வு ஆய்வு

மதுரையில் உணவு ஆலோசனைக்கு வந்த ஒருவருடைய பத்து மாத அனுபவம் இது. அவருடைய ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. மருந்து மாற்றங்கள் அனைத்தும் அவருடைய மருத்துவர் செய்தவை. உணவும் நாட்குறிப்பும் மட்டுமே எங்கள் பொறுப்பில் இருந்தன.

பின்னணி

48 வயது ஆண். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி போகும் தனியார் பஸ்ஸில் நடத்துநர். ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. வேலை நாள் என்பது விடியலுக்கு முன் தொடங்கி இரவு பத்து மணி வரை நீளும். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதற்குப் பின் வந்த இரத்த அழுத்தம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இருவேளை, கிளிமிபிரைடு ஒருவேளை, அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் சிறுநீர் பெருக்கியும் சேர்ந்த ஒரே மாத்திரை. எடை 88 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, தை மாதம் எடுத்தபோது 9.2.

அந்த அளவைப் பார்த்துப் பயந்தவருக்கு அவருடைய மைத்துனர், கற்கால மனிதர் உணவு என்ற பெயரில் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவைச் சொல்லிக்கொடுத்தார். தானியம், பருப்பு, கிழங்கு, பழம், சர்க்கரை, நிலக்கடலை அனைத்தும் விலக்கு. காலையில் ஊறவைத்த பாதாம் நூறு, கூடவே வெண்ணெய் போட்ட டீ. மதியம் மூன்று நான்கு முட்டையும் காய்கறியும். இரவு ஆட்டுக்கறி, கோழி அல்லது பன்னீர். ஒரு நாளைக்கு மாவுச்சத்து சுமார் 30 கிராமுக்குள் நின்றது. மைத்துனருக்கு இந்த உணவு நன்றாகவே வேலை செய்திருந்தது. அதனால் அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது.

முதல் ஐந்து மாதங்கள்

தொடக்கத்தில் எடை சடசடவென்று இறங்கியது. இதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகமும் உப்பை அதிகமாக வெளியே தள்ளும். இவரோ ஏற்கெனவே சிறுநீர் பெருக்கி எடுப்பவர், அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைத்தவர், பஸ்ஸில் கழிப்பறைக்கு இறங்க வழியில்லை என்பதால் தண்ணீரே குடிக்காதவர். இவருக்கு மலச்சிக்கல் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கித்தான் போக முடிந்தது. தலைவலியும் இருந்தது. “உடம்பு பழகிக்கொள்ளும்” என்றார் மைத்துனர்.

மாசியில் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்கி, இரவில் ஒரு தேக்கரண்டி எடுக்கத் தொடங்கினார். குடலைத் தூண்டி மலத்தைத் தள்ளும் வலுவான மலமிளக்கி அது. மூலிகை என்பதால் அதை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. மருத்துவரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் ஓடும் பஸ்ஸில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை 58. மாவுச்சத்தை இவ்வளவு குறைத்துவிட்டு கிளிமிபிரைடைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து போவது எதிர்பார்க்கக்கூடியதே. உணவு மாறிய செய்தி மருத்துவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் கிளிமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினை 1000 மில்லிகிராம் இருவேளை என உயர்த்தினார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது பொருத்தமான முடிவு.

அதற்கடுத்த வாரத்திலிருந்து நிலைமை தலைகீழானது. மலச்சிக்கல் போய் வயிற்றுப்போக்கு வந்தது. உப்புசம், வாயு, திடீரென்று முட்டிக்கொண்டு வரும் அவசரம். ஆனாலும் மலச்சிக்கல் திரும்பிவிடுமோ என்ற அச்சத்தில் நிலாவரையை நிறுத்தவில்லை. வேலை நாளில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ள இன்னும் குறைவாகத் தண்ணீர் குடித்தார்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தேனிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வரும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் வெயிலிலும் ஆண்டிபட்டி அருகே மயங்கி விழுந்தார். அழுத்தம் 98/60. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6க்கு உயர்ந்திருந்தது. டிரிப் ஏற்றப்பட்டது. சிறுநீர் பெருக்கி நிறுத்தப்பட்டது. மெட்ஃபார்மின் சில நாள் நிறுத்தப்பட்டு, கிரியாட்டினின் 1.1க்கு இறங்கிய பின் அதே அளவில் மீண்டும் தொடங்கியது. பேலியோவை விட்டுவிடுமாறு மருத்துவர் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். ஹெச்பிஏ1சி 6.7க்கு வந்திருந்தது, எடை 79. ஆறு ஆண்டில் எந்த மாத்திரையும் தராத பலனை அவரால் விட முடியவில்லை. வைகாசியில் எங்களிடம் அனுப்பப்பட்டார்.

எங்களிடம் வந்தபோது

அவரிடம் இரண்டு தரப்பும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தன. உணவுதான் காரணம், விடு என்றது ஒன்று. உணவில் குறையே இல்லை, பொறு என்றது மற்றொன்று. ‘குறைமாவு’ என்ற சொல் தட்டில் என்ன இல்லை என்பதைத்தான் சொல்கிறது. தட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அதனுடன் வேறு என்ன உள்ளே போகிறது என்பதை இரு தரப்பும் கேட்டிருக்கவில்லை.

அபாய அறிகுறிகளைத்தான் முதலில் பார்த்தோம். மலத்தில் இரத்தம் இல்லை. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இல்லை. குடும்பத்தில் குடல் புற்றுநோய் இல்லை. காய்ச்சல் இல்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. காரணமில்லாத எடைக் குறைவு ஒரு முக்கியமான அபாய அறிகுறி. எடை குறைக்கவே உணவை மாற்றியவரிடம் அந்த அறிகுறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் மருத்துவர் ஹீமோகுளோபின், தைராய்டு, மலத்தில் மறைந்த இரத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்தார். மூன்றும் சரியாக இருந்தன. ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி என்று முடிவானது. வைட்டமின் பி12 குறைந்திருந்தது. நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடம் இது காணப்படுவதே. அதற்கு ஊசி போடப்பட்டது.

வாயில் போடுவது எதுவாயினும், மாத்திரையோ பொடியோ மிட்டாயோ, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னோம். அடுத்த முறை மஞ்சள் பையோடு வந்தார். நிலாவரைப் பொடி அப்போதுதான் வெளிப்பட்டது. அதன் அடியில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் பாக்கெட்டுகள். தாகம் தெரியாமல் இருக்க வேலை நாளில் பத்துப் பன்னிரண்டு மெல்வாராம். அட்டையின் பின்புறம் சார்பிட்டால், மால்டிடால் என்று பொடி எழுத்தில் இருந்தது. இவை சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத இனிப்புகள். பெருங்குடலுக்குத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய், அங்கே நொதித்து வாயுவாகும். ஒரு துண்டில் ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். பன்னிரண்டு துண்டு சேர்ந்தால் நல்ல வயிற்றையே கலக்கப் போதுமானது.

நாட்குறிப்பு காட்டியது

எதையும் மாற்றாமல் முதலில் குறித்துவரச் சொன்னோம். வீட்டில் சாப்பிட்டதை மனைவி நோட்டில் எழுதினார். பஸ்ஸில் இருக்கும்போது இவர் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்தார். மலத்தின் தன்மையை ஒன்று முதல் ஏழு வரை எண்ணால் குறிக்கும் பிரிஸ்டல் அளவுகோலைக் கற்றுக்கொடுத்தோம். ஒன்று கொட்டை கொட்டையாக இறுகியது, ஏழு வெறும் தண்ணீர். வயிற்று விஷயத்தைப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு எண் வசதியானது. “சார், இன்று இரண்டு ஆறு, மூன்று ஏழு” என்று டிக்கெட் கணக்கு ஒப்பிப்பதைப் போலவே சொன்னார்.

வேலை நாளில் ஐந்தாறு முறை. ஓய்வு நாளில் மூன்று. பாதாமும் வெண்ணெய் டீயும் மாத்திரையும் இரண்டு நாளும் ஒன்றுதான். ஆகவே அந்த வித்தியாசம் அவற்றால் வந்திருக்க முடியாது. வேலை நாளில் மட்டும் இருந்தவை சூயிங்கமும், வழியிலுள்ள கடைகளில் பெரிய வெங்காயம் அள்ளிப் போட்ட ஆம்லெட்டும். நேரத்தையும் பார்த்தோம். காலை மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு அலை, இது இரண்டு நாளும் உண்டு. மதிய உணவுக்குப் பின் உப்புசத்தோடு இன்னொரு அலை. மதியத் தட்டில் பெரும்பாலும் சோற்றுக்குப் பதில் துருவிய காலிஃபிளவர், அல்லது காளான். இரவுக் கறியில் பூண்டு தாராளம்.

பாதாம், வெங்காயம், பூண்டு, காலிஃபிளவர், காளான் எல்லாமே குறைமாவுப் பட்டியலில் நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் இவை அனைத்திலும் குடலில் எளிதில் நொதிக்கும் சிறு சர்க்கரைத் தொடர்களோ மானிட்டால் போன்றவையோ உண்டு. இவற்றை ஃபாட்மேப் என்ற பெயரில் தொகுத்து, எரிச்சல் கொண்ட குடலுக்கு இவற்றைக் குறைத்துப் பார்க்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2005 வாக்கில் முன்வைத்தார்கள். மாவுச்சத்துக் கணக்கில் இவர் தேர்ச்சி. இந்தக் கணக்கில், தெரியாமலே, நாள் முழுவதும் உச்சத்தில் இருந்தார். நூறு பாதாம் என்றால் சுமார் 120 கிராம். அதில் மட்டும் ஏறத்தாழ 60 கிராம் கொழுப்பும் 14 கிராம் நார்ச்சத்தும் வெறும் வயிற்றில் ஒரே நேரத்தில் போய் விழுகின்றன.

எதை முதலில், ஏன்

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்றார் அவர். நிறுத்தினால் வயிறு சரியாகியும் இருக்கும். ஆனால் எது காரணம் என்று தெரியாமலே வாழ்நாள் முழுக்கப் பத்துப் பொருளுக்குப் பயந்து வாழ வேண்டியிருக்கும். ஏற்கெனவே தானியம், பருப்பு, பழம் எல்லாம் இல்லாத தட்டில் இன்னும் பத்தை எடுத்தால் மிஞ்சுவது முட்டையும் கறியும்தான். அதனால் ஒவ்வொன்றாக எடுப்பது என்றும், இழப்பு குறைவானதிலிருந்து தொடங்குவது என்றும் முடிவு செய்தோம். உணவு ஆலோசகர்கள் உணவைக் கடைசியில் வைத்தது மனைவிக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

முதல் படியாக சூயிங்கமும் நிலாவரையும் நின்றன. அதோடு தண்ணீர். “குடிக்க வேண்டும்” என்று சொல்வதால் நடத்துநர் குடித்துவிட மாட்டார். எந்த நிலையத்தில் பஸ் எத்தனை நிமிடம் நிற்கிறது, எங்கே உள்ளே நுழையக்கூடிய கழிப்பறை இருக்கிறது என்று அவரிடமே கேட்டு எழுதினோம். தேனியிலும் ஆரப்பாளையத்திலும் வண்டி திரும்பும் இடைவெளியில் அரை லிட்டர் வீதம் குடிப்பது, அதில் இரு முறை உப்புப் போட்ட மோர் என்று ஏற்பாடானது. உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டோம். சிறுநீர் பெருக்கி நின்ற பிறகும் அழுத்தம் 120க்கு அருகில் இருந்ததால் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்தில் வேலை நாள் எண்ணிக்கை மூன்று நான்காகக் குறைந்தது. ஓய்வு நாளுக்கும் வேலை நாளுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இரண்டாம் படி மாத்திரை. மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் நால்வரில் ஒருவர் வரை வயிற்றுத் தொல்லையைச் சந்திக்கிறார்கள். அளவு கூடும்போது இது வெளிப்படுவது சாதாரணம். வயிற்றுப்போக்கு தொடங்கிய வாரத்தையும் அளவு உயர்ந்த வாரத்தையும் அருகருகே எழுதி மருத்துவருக்கு அனுப்பினோம். உணவு மாற்றம் தையில், வயிற்றுப்போக்கு பங்குனி இறுதியில். நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் மலச்சிக்கல். அந்தத் தாளைப் பார்த்ததும் அவர், மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், இரவு உணவோடு ஒருவேளை என்று மாற்றினார். பத்து நாளில் காலை அவசரம் அடங்கியது. “இனி முதல் நடைக்குப் பயமில்லாமல் ஏறுகிறேன்” என்றார்.

மூன்றாம் படியில்தான் உணவு. மிஞ்சியிருந்தது மதிய உப்புசமும் வாயுவும். பாதாம் நூறிலிருந்து பத்தாகக் குறைந்தது. காலிஃபிளவர், காளான், பெரிய வெங்காயம், பூண்டு நான்கும் தற்காலிகமாக நின்றன. மணத்துக்குப் பெருங்காயமும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும். சுரைக்காய், புடலங்காய், கத்தரிக்காய், வெள்ளரி, கீரை ஆகியவை அவருக்கு ஒத்துக்கொண்டன. பாதாம் விட்ட இடத்தில் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி வைத்தோம். செக்கானூரணியிலேயே கிடைக்கும், விலையும் மலிவு. மைத்துனர் இதற்குக் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். நிலக்கடலை பருப்பு வகை, பேலியோவில் ஆகாது என்பது அவர் வாதம். பஸ் நடத்துநரின் வயிறு கற்காலத்து விதிப்படி இயங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

சோறு பற்றிய பேச்சு

மிகக் கடினமாக இருந்தது இதுதான். மதியம் கொஞ்சம் சோறு சேர்க்கலாம் என்றோம். அவர் முகம் வெளிறியது. தாய் சர்க்கரை நோயில் காலை இழந்தவர். சோற்றைக் குற்றவாளியாக நிறுத்தித்தான் இவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தைக் கேலி செய்யவும் முடியாது, அப்படியே விட்டுவிடவும் முடியாது. வெயிலில் பதினாறு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு 30 கிராம் மாவுச்சத்து என்ற எல்லை மருத்துவக் கட்டாயம் எதுவும் இல்லை. வெள்ளைச் சோறு குடலில் நொதிப்பதும் மிகக் குறைவு. எரிச்சலடைந்த வயிற்றுக்குக் காலிஃபிளவரைவிடச் சோறு சாது.

வாதம் செய்வதற்குப் பதில் குளுக்கோமீட்டரிடம் விட்டோம். வேகவைத்த சோறு 100 கிராம், அதாவது மாவுச்சத்து சுமார் 28 கிராம். காய்கறியும் முட்டையும் முதலில், சோறு கடைசியில், இரண்டு மணி நேரம் கழித்துச் சோதனை. 200 தாண்டினால் சோறு வேண்டாம் என்பது ஒப்பந்தம். அளவுகள் 140க்கும் 160க்கும் இடையில் நின்றன. ஒரு வாரம் அதே முடிவு வந்த பிறகுதான் நம்பினார். பிறகு காலையில் இட்லி இரண்டு சேர்ந்தது. நாளுக்கு மொத்த மாவுச்சத்து 90 முதல் 110 கிராம் வரை வந்தது. இதுவும் நம் ஊர்ச் சாப்பாட்டை ஒப்பிட்டால் குறைமாவு உணவுதான்.

ஆடியில் ஒரு சறுக்கல்

பாண்டி கோயிலில் உறவினர் வீட்டுக் கிடாவெட்டு. பூண்டும் சின்ன வெங்காயமும் மிதக்கும் குழம்பு, குடல் கறி, பின் வெயிலுக்கு ஜிகர்தண்டா. மறுநாள் ஆறு முறை. பழைய பயத்தில் அன்றே முட்டையும் கறியும் மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டார். நான்கு நாளில் மலச்சிக்கல் திரும்பியது, நிலாவரைப் பொட்டலம் மீண்டும் வெளியே வந்தது. மனைவி தொலைபேசியில் கூப்பிட்டதால் அதோடு நின்றது. ஒரு விருந்துக்குப் பின் வயிறு கலங்கினால் ஒரு நாள் மோரும் சோறும் போதும், உணவு முறையையே மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அன்று ஒன்று சொல்ல வேண்டியிருந்தது: தண்ணீர் கூட நிற்காத அளவுக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். சித்திரையில் சிறுநீரகம் தடுமாறியது நீரிழப்பும் அழுத்த மாத்திரையும் சேர்ந்த கூட்டினால்தான்.

ஆவணியிலிருந்து ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். பாதாம் இருபது வரை பிரச்சினை இல்லை. சின்ன வெங்காயம் ஐந்தாறு தாங்குகிறது. பூண்டு இரண்டு பல்லுக்கு மேல் போனால் உப்புசம். காளானும் காலிஃபிளவரும் சிறிய அளவிலேயே தொல்லை தந்தன. அவற்றை அவரே விட்டுவிட்டார்.

ஐப்பசி நிலவரம்

நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, பிரிஸ்டல் நான்கு. எடை 81. ஹெச்பிஏ1சி 6.9. அதாவது கண்டிப்பான உணவில் இருந்ததைவிட எடை இரண்டு கிலோ கூடுதல், சர்க்கரை சற்றுக் கூடுதல். இந்த விலையை மருத்துவரும் அவரும் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். கிரியாட்டினின் 1.0. மயக்கம் திரும்பவில்லை. கொலோனோஸ்கோப்பி தேவைப்படவில்லை. 50 வயதை நெருங்குவதால் பொதுப் பரிசோதனையாக அதைப் பிறகு பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். திருவிழா நெரிசல் நாட்களில் இன்னும் தண்ணீரைத் தவிர்க்கிறார். வழியில் கழிப்பறை வசதி மாறாதவரை இதில் எங்கள் அறிவுரைக்கு எல்லை உண்டு.

இனி இப்படி ஒருவர் வந்தால்

உணவைத் தொடங்குவதற்கு முன் மாத்திரைப் பட்டியலை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் யாருக்கும் குறைமாவு உணவுத் தாளைக் கொடுப்பதில்லை என்று எங்கள் இடத்தில் முடிவாகியிருக்கிறது. சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை, இன்சுலின், அழுத்த மாத்திரை மூன்றும் முதல் வாரத்திலேயே திருத்தம் கேட்பவை.

‘பழகிவிடும்’ என்பதற்கு நாங்கள் நான்கு வாரம் என்று எல்லை வைத்திருக்கிறோம். அதற்குள் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ அடங்கவில்லையென்றால் நாட்குறிப்பு, பை, மாத்திரை தேதி மூன்றையும் பார்க்க வேண்டும். முதல் சந்திப்புக்கே பையைக் கொண்டு வரச் சொல்கிறோம்.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய் தென்னாட்டில் அரிது. ஆனாலும் வயிற்றுப்போக்கு நீடித்தால் யோசிக்க வேண்டியது. கோதுமையை மாதக்கணக்கில் நிறுத்தியவரிடம் அதற்கான இரத்தப் பரிசோதனை, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். இவருக்கு அதனால்தான் அப்போது எடுக்கவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் உணவை மாற்றுவதற்கு முன்பே அந்தச் சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இவருடைய பட்டியலில் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை இல்லை. இருந்திருந்தால் இதே நிகழ்வு வேறு மாதிரி போயிருக்கக்கூடும். அந்த மாத்திரையோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்து, வயிற்றுப்போக்கில் தண்ணீரும் இழந்தால், சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வரும். மீட்டரில் 180 காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.